தப்பி நிற்கும் மரத்தில் கோடரி வைக்கலாமா?

தோப்பில் ஒரு மரம் நோய்கண்டு பட்டுப்போனால், மற்ற மரங்களையும் சேர்த்து விலை பேசிவிடச் சொல்லும் யோசனைக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. "எப்படியும் போகப்போகிற மரம்தானே, கட்டை விலையாவது கைக்கு வரட்டும்" என்பது அவர்கள் போடும் கணக்கு. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தக் கணக்கு எவ்வளவு தவறானது என்பதை அமெரிக்காவின் செஸ்ட்நட் மரம் காட்டுகிறது.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மலைக்காடுகளில் 300 கோடி முதல் 400 கோடி வரை செஸ்ட்நட் மரங்கள் இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. அரை நூற்றாண்டுக்குள் அநேகமாக அத்தனையும் கருகல் நோய்க்கு இரையாயின. நோயை நாட்டுக்குள் கொண்டுவந்தவன் மனிதன். நோய்க்குத் தப்பியிருக்கக்கூடிய மரங்களை வெட்டிச் சாய்த்தவனும் மனிதனே. செஸ்ட்நட் தமிழ்நாட்டு உழவர்கள் பயிரிடும் மரமல்ல, குளிர்நாட்டு மரம். இருந்தாலும், நீண்டகால மரப்பயிரை நம்பி வாழும் சிறு விவசாயி எவரும் அதன் வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

மரத்தில் விளையும் தானியம்

முந்திரி, பாதாம் போன்ற பருப்புகளில் எண்ணெய்ச் சத்து மிகுதி. செஸ்ட்நட் பருப்பு அப்படியல்ல. அதில் எண்ணெய் குறைவு, மாவுச்சத்தே அதிகம். முள் நிறைந்த ஓட்டுக்குள் ஒன்று முதல் மூன்று கொட்டைகள் இருக்கும். முற்றியதும் ஓடு வெடித்து, கொட்டைகள் கீழே உதிரும். அவற்றைச் சுட்டும் வேகவைத்தும் தின்பார்கள். உலர்த்தி அரைத்து மாவாக்கி ரொட்டியும் கஞ்சியும் செய்வார்கள். நெல்லும் கோதுமையும் விளையாத பிரான்சின் செவென் மலைப்பகுதியிலும் கோர்சிகா தீவிலும் ஏழைக் குடியானவர்களின் அன்றாட உணவே இதுவாக இருந்தது. 'ரொட்டி மரம்' என்றே அங்கு அதற்குப் பெயர்.

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் வாழ்ந்த சிறு விவசாயிகளுக்கும் இந்த மரமே ஆதாரம். விதைக்க வேண்டாம், நீர் பாய்ச்ச வேண்டாம், உரமிட வேண்டாம். இலையுதிர் காலத்தில் காட்டில் உதிர்ந்த கொட்டைகளை மேய்ந்தே பன்றிகள் கொழுத்தன. பெண்களும் குழந்தைகளும் பொறுக்கிவந்த கொட்டைகள் கடைத்தெருவில் விலைபோயின. அந்தக் காசில் செருப்பும் சர்க்கரையும் துணியும் வாங்கினார்கள். மூட்டை மூட்டையாக ரயிலேறி நகரங்களுக்கும் கொட்டைகள் சென்றன. மரமோ எளிதில் மக்காது. வேலிக்கால், கூரைப் பலகை, ரயில்பாதைக் கட்டை எல்லாம் அதில்தான். பட்டையிலும் கட்டையிலும் உள்ள துவர்ப்புச் சத்து தோல் பதனிடும் தொழிலுக்குப் போயிற்று. ஆகவே மரம் போனபோது அந்த மலைக் குடும்பங்களுக்கு உணவு, தீவனம், கைக்காசு மூன்றும் ஒன்றாகப் போயின.

கன்றோடு வந்த நோய்

1904-ல் நியூயார்க் நகரின் பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலையில் செஸ்ட்நட் மரங்கள் வாடுவதை அங்கு மரங்களைக் கவனித்துவந்த ஹெர்மன் மெர்க்கல் கண்டார். நியூயார்க் தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த வில்லியம் மரில் அதை ஆராய்ந்து, காரணம் ஒரு பூசணம் என்று கண்டறிந்தார். இன்று அதற்கு வழங்கும் பெயர் கிரைபோனெக்ட்ரியா பாரசிடிகா.

இந்தப் பூசணம் ஆசியாவைச் சேர்ந்தது. அங்குள்ள சீன, ஜப்பானிய செஸ்ட்நட் வகைகள் நெடுங்காலமாக இதனோடு வாழ்ந்து பழகியவை. பூசணம் தாக்கினாலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பெரிய கொட்டை கிடைக்கும், சீக்கிரம் காய்க்கும் என்பதற்காக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானியக் கன்றுகள் அமெரிக்காவுக்கு ஏராளமாக வரவழைக்கப்பட்டன. கன்றுகளைத் தொலைவிலுள்ள வாடிக்கையாளர்களுக்கு நாற்றுப் பண்ணைகள் அஞ்சலிலும் அனுப்பின. பார்வைக்குச் செழிப்பாக இருந்த அந்தக் கன்றுகளோடு நோயும் வந்து இறங்கியது. 1913-ல் பிராங்க் மேயர் என்ற தாவர ஆராய்ச்சியாளர் சீனாவில் இதே பூசணத்தைக் கண்டுபிடித்த பிறகு, அதன் பிறப்பிடம் ஐயமின்றித் தெரியவந்தது.

பட்டையில் உள்ள சிறு காயம், வெடிப்பு வழியாகப் பூசண வித்துக்கள் உள்ளே நுழைகின்றன. பட்டைக்கும் கட்டைக்கும் இடையே உள்ள உயிருள்ள பகுதியில் பூசணம் பரவி, ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து மரத்தின் திசுக்களைக் கொல்கிறது. முதலில் பட்டை அமுங்கியோ வீங்கியோ நிறம் மாறும். பிறகு ஆரஞ்சு நிறத்தில் குருணை போன்ற கொப்புளங்கள் கிளம்பும். புண் கிளையையோ தண்டையோ சுற்றி வளைத்துவிட்டால், அதற்கு மேலே உள்ள பகுதி பட்டுப்போகும். காற்று, மழைத்துளி, பூச்சி, பறவை, வெட்டும் கருவி ஆகிய எல்லாவற்றின் மூலமும் நோய் பரவும். பூசணம் பட்டைக்குள் இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்தால் குணமாவதில்லை.

செடிகொடிகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்குக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் அமெரிக்காவில் 1912-ல் வந்தது. அதற்குள் நோய் பல மாநிலங்களில் காலூன்றிவிட்டது. திருடன் போன பிறகு பூட்டிய கதைதான்.

கோடரி செய்த வேலை

பென்சில்வேனியா மாநில அரசு 1911-ல் கருகல் நோயை ஒழிக்கத் தனிக் குழு அமைத்து 2,75,000 டாலர் ஒதுக்கியது. நோய் கண்ட மரங்களைத் தேடிப்பிடித்து வெட்டி எரிப்பது, நோய் மேலும் பரவாமல் இடையே வெட்டவெளி ஏற்படுத்துவது என்பது திட்டம். இது பலிக்காது என்று அப்போதே எச்சரித்த விஞ்ஞானிகளும் உண்டு. அவர்கள் சொன்னபடியே ஆயிற்று. காற்றிலும் பறவையின் காலிலும் போகும் வித்துக்களுக்கு வெட்டவெளி ஒரு தடையாகவில்லை. 1913-ல் குழு கலைக்கப்பட்டது.

அதன் பிறகு பரவிய யோசனைதான் பெரும் கேடு செய்தது. "நோய் வருவதற்குள் மரத்தை வெட்டிக் காசாக்குங்கள்" என்று நில உரிமையாளர்களுக்குச் சொல்லப்பட்டது. நோய் எட்டிப்பார்க்காத காடுகளிலும் நல்ல மரங்கள் சாய்க்கப்பட்டன.

இதில் என்ன தவறு என்று கேட்கலாம். கோடிக்கணக்கான மரங்கள் விதையிலிருந்து தாமாக முளைத்தவை. ஒன்றுபோல் மற்றொன்று இராது. அவற்றில் சில மரங்களுக்காவது நோயைத் தாங்கும் குணம் ஓரளவு இருந்திருக்கும். அந்த மரம் எது என்று நோய் வந்து போன பிறகுதான் தெரியும். நோய் வருமுன்பே வெட்டிவிட்டால் அது ஒருநாளும் தெரியாது. பரீட்சை எழுதுவதற்கு முன்பே மாணவர்கள் அனைவரையும் தேறாதவர்கள் என்று வீட்டுக்கு அனுப்பியது போன்ற செயல் அது.

கட்டை வீணாகிவிடும் என்ற அச்சத்துக்கும் போதிய காரணம் இல்லை. செஸ்ட்நட் கட்டை எளிதில் மக்காது என்பதால், நோயில் பட்டு நின்ற மரங்களைக்கூடப் பல ஆண்டுகள் கழித்து வெட்டி விற்றார்கள். பூச்சி துளைத்த பலகைக்குக்கூட வாங்குவோர் இருந்தார்கள். பொறுத்திருந்தால் கட்டையும் கிடைத்திருக்கும், தப்பிய மரமும் தெரிந்திருக்கும். அவசரப்பட்டதால் கட்டை விலை மட்டுமே மிஞ்சியது.

வறுமையில் இருந்த மலை விவசாயியைக் குறை சொல்வது இதன் நோக்கமல்ல. நாளை மரம் இருக்காது என்று படித்தவர்களே சொல்லும்போது அவன் வேறென்ன செய்வான்? மரத்தை வெட்டினால் காசு, வைத்திருந்தால் ஒன்றுமில்லை என்ற நிலையில் அவனை நிறுத்தியதுதான் குற்றம்.

ஜெனோவாவில் ஆறிய புண்கள்

1938-ல் இத்தாலியின் ஜெனோவா நகரின் அருகே இதே நோய் தென்பட்டது. 1948-ல் சுவிட்சர்லாந்தின் டிசினோ பகுதியில் நுழைந்தது. அமெரிக்காவின் கதி ஐரோப்பாவுக்கும் நேரும் என்றே எல்லோரும் அஞ்சினார்கள்.

ஆனால் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தோனியோ பிராகி என்ற இத்தாலிய விஞ்ஞானி, ஜெனோவா பக்கத்தில் நோய் தாக்கியும் சாகாமல் நின்ற மரங்களைக் கண்டார். அவற்றின் புண்கள் தாமாகவே ஆறிக்கொண்டிருந்தன. பின்னர் பிரான்சைச் சேர்ந்த ழான் கிராந்த் அந்தப் புண்களிலிருந்து பூசணத்தை எடுத்து வளர்த்துப் பார்த்தார். வழக்கமான ஆரஞ்சு நிறம் இல்லாமல் வெளிறிய நிறத்தில், வீரியம் குறைந்து காணப்பட்டது அந்தப் பூசணம். பூசணத்தையே ஒரு வைரஸ் நோய் பிடித்திருந்தது என்பது பிறகு தெளிவாயிற்று. மரத்துக்கு நோய் பூசணம். பூசணத்துக்கு நோய் வைரஸ்.

வீரியம் குறைந்த பூசணத்தைப் பசைபோல் தயாரித்து, புண்ணின் விளிம்பைச் சுற்றிச் சிறு துளைகள் போட்டு அதில் வைத்தால், வைரஸ் புண்ணில் உள்ள கொடிய பூசணத்துக்கும் தொற்றுகிறது. புண் பரவுவது நின்று, புதுப்பட்டை மூடுகிறது. பிரான்சின் தோப்புகளில் இந்த முறை பயன்பட்டது. பல இடங்களில் மனிதர் கை வைக்காமலே வைரஸ் தானாகப் பரவி மரங்களைத் தேற்றியது.

இது எல்லா இடத்துக்கும் பொருந்தும் மருந்து என்று சொல்வதற்கில்லை. ஒத்த இனப் பூசணங்கள் ஒன்றோடொன்று கலக்கும்போதுதான் வைரஸ் நன்றாகத் தாவும். ஐரோப்பாவில் பூசண இனங்கள் குறைவு. அமெரிக்காவில் மிகப் பல. அதனால் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் சில தோப்புகள் போன்ற ஒருசில இடங்களில் மட்டுமே இது பலன் காட்டியது. ஆயினும் ஒன்று மறக்கத்தக்கதல்ல. ஜெனோவாவில் மரங்கள் நின்றுகொண்டிருந்ததால்தான் ஆறிய புண்ணை ஒருவர் பார்க்க முடிந்தது.

பயிரிடுவோர் கையில் உள்ளவை

இன்று அமெரிக்காவின் கிழக்குப் பகுதித் தோப்புகளில் பெரும்பாலும் சீன வகையும் அதன் கலப்பினங்களுமே நடப்படுகின்றன. அங்குள்ள சிறு விவசாயிகள் கடைப்பிடிக்கும் முறைகள் செலவு குறைந்தவை.

செஸ்ட்நட்டுக்குச் சற்றுப் புளிப்புத்தன்மை உள்ள, நீர் தேங்காத மண் வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த நிலம் ஆகாது. நீர் தேங்கினால் பைட்டாப்தொரா வேரழுகல் வந்து, கருகல் நோய்க்கு வேலை வைக்காமலே மரத்தைக் கொன்றுவிடும். ஒற்றை மரம் சரியாகக் காய்க்காது. அயல் மகரந்தம் கிடைக்க அருகருகே இரண்டு மரங்களாவது இருக்க வேண்டும். விதைக் கொட்டையைக் காயவிடக்கூடாது. ஈரமணலில் கலந்து இரண்டு மூன்று மாதம் குளிரில் வைத்திருந்து விதைத்தால் நன்றாக முளைக்கும்.

பட்டையில் காயம் படாமல் பார்த்துக்கொள்வதே நோய்த் தடுப்பில் முதல் வேலை. நோய் கண்ட கிளையைப் புண்ணுக்குக் கீழே நல்ல பகுதியில் வெட்டி எரிக்க வேண்டும். ஒரு மரத்தில் பயன்படுத்திய கத்தியைச் சுத்தம் செய்யாமல் அடுத்த மரத்தில் வைக்கக்கூடாது.

அடிமரத்தில் புண் வந்தால் மண்பற்று போடுவது ஒரு கைமருந்து. அதே மரத்தின் அடியில் உள்ள மண்ணை எடுத்து, குழைத்து, புண் முழுவதும் மறையும்படி விளிம்பைத் தாண்டியும் அப்பி, ஈரம் காயாமல் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டுவார்கள். இரண்டு மாதமோ அதற்கு மேலோ வைத்திருந்தால் புண் ஆறும். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களோடு போட்டியிட இந்தப் பூசணத்தால் முடியாது என்பதே காரணம். அதனால்தான் மேலே மரம் செத்தாலும் பல மரங்களின் வேர் சாவதில்லை. இன்றும் அமெரிக்கக் காடுகளில் பழைய வேர்களிலிருந்து தளிர்கள் கிளம்புகின்றன. ஓரளவு வளர்ந்ததும் மறுபடி நோய்ப்படுகின்றன. மண்பற்று போட்ட புண்தான் ஆறுமே தவிர, வேறிடத்தில் புதுப்புண் வருவதை அது தடுக்காது. எனவே மரத்தை அடிக்கடி சுற்றிவந்து பார்ப்பது அவசியம்.

ஆராய்ச்சிக்கும் மூலதனம் தப்பிய மரமே

1983-ல் அமெரிக்க செஸ்ட்நட் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. சீன மரத்தின் தாங்கும் சக்தியை அமெரிக்க மரத்தில் ஏற்றும் நோக்கத்துடன், கலப்பினத்தை மீண்டும் மீண்டும் அமெரிக்க மரத்தோடு சேர்க்கும் பணி வர்ஜீனியாவில் மெடோவியூ பண்ணையில் 1989-லிருந்து நடந்துவருகிறது. நோய் எதிர்ப்பு ஒன்றிரண்டு மரபணுக்களில் அடங்கியது என்று முதலில் எண்ணினார்கள். பல மரபணுக்களில் சிதறிக் கிடக்கிறது என்று பின்னர் தெரிந்தது. கோதுமையின் மரபணு ஒன்றைப் புகுத்தி ஆக்சாலிக் அமிலத்தை முறிக்கும் மரத்தையும் நியூயார்க் மாநிலத்தில் உருவாக்கினார்கள். 2023-ல் சோதனையில் இருந்த மரங்கள் அடையாளம் மாறிப்போனவை என்பது வெளிப்பட்டதால், அறக்கட்டளை தன் ஆதரவை விலக்கிக்கொண்டது.

நாற்பதாண்டு உழைப்புக்குப் பிறகும் முழு வெற்றி கிட்டவில்லை. இந்த எல்லா முயற்சிகளுக்கும் அமெரிக்கத் தாய் மரம் தேவை. காட்டில் தப்பி நிற்கும் பெரிய மரங்களை ஒவ்வொன்றாகத் தேடி, மகரந்தம் எடுத்து வருகிறார்கள். ஒரு காலத்தில் கட்டை விலைக்குப் போனதை இன்று பெரும் செலவில் தேடவேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன?

இந்தியாவிலும் அழிவு செய்யும் பூச்சிகள், நோய்கள் நுழைவதைத் தடுக்கும் சட்டம் 1914-லேயே வந்துவிட்டது. ஆனாலும் மெக்சிகோவைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவையில் தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி மூன்றையும் நாசம் செய்தது. போர்ட்டோ ரிகோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து 2010-ல் விட்ட பிறகுதான் அது அடங்கியது. 2016-ல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ வந்தது. வெளியிலிருந்து வரும் எதிரிக்கு சட்டப் புத்தகம் மட்டும் தடையாகாது. ஊர்பேர் தெரியாத கன்றை, மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி நடாத விவசாயியே உண்மையான காவல்காரர்.

தென்னை வேர் வாடல் நோய் கேரளத்தில் நூறாண்டுக்கு மேலாக இருந்துவருகிறது. தமிழ்நாட்டின் எல்லை மாவட்டங்களிலும் பரவியிருக்கிறது. அது செஸ்ட்நட் கருகலைப்போல் மரத்தை உடனே கொல்லாது. மெலியவைத்துக் காய்ப்பைக் குறைக்கும். நோய் மிகுந்த தோப்புகளின் நடுவே நோயின்றி நின்ற தென்னைகளைத் தேடியெடுத்துத்தான் மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் கல்பரக்ஷா, கல்பஸ்ரீ போன்ற ரகங்களை உருவாக்கியது. அந்த மரங்களையும் யாராவது கட்டை விலைக்கு விற்றிருந்தால் இந்த ரகங்கள் கிடைத்திருக்குமா?

நோய் முற்றி, காய்ப்பு நின்ற மரத்தை அகற்றத்தான் வேண்டும். அதில் தயக்கம் கூடாது. ஆனால் நோயாளி மரத்துக்குப் பக்கத்தில் நின்றது என்பதற்காக நல்ல மரத்தை வெட்டுவது அறிவுடைமை ஆகாது. அந்த மரத்துக்கு வண்ணம் பூசி அடையாளம் வைக்க வேண்டும். ஆண்டுதோறும் அதன் காய்ப்பைக் குறித்துவைக்க வேண்டும். வட்டார வேளாண்மை அலுவலகத்துக்கோ தோட்டக்கலை அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும். விதைக்காய் எடுப்பதானால் அவர்கள் பார்த்துச் சொன்ன பிறகு எடுப்பது நல்லது.

அரசும் தன் பங்கைச் செய்ய வேண்டும். நோயுற்ற, முதிர்ந்த தென்னைகளை அகற்றி மறுநடவு செய்யத் தென்னை வளர்ச்சி வாரியத் திட்டங்களின் மூலம் உதவித்தொகை தரப்பட்டு வந்திருக்கிறது. அது தேவையானதே. அதேபோல், நோய்ப்பட்ட வட்டாரத்தில் தப்பி நிற்கும் மரத்தைப் பத்தாண்டு காப்பாற்றும் சிறு விவசாயிக்கும் ஆண்டுக்கு ஒரு தொகை தருவது நியாயம். அந்த மரம் அவருடைய நிலத்தில் நின்றாலும் அதன் பயன் எல்லோருக்கும் போகிறது. வெட்டினால்தான் பணம் என்ற நிலை இருக்கும்வரை, கடனில் இருப்பவர் கோடரியைத்தான் எடுப்பார். அப்பலாச்சிய மலையில் அதுதான் நடந்தது.

நோய் பரவிய தோப்பில் நலமாக நிற்கும் ஒரு மரத்துக்கு விலை பேச வருபவரிடம் "பொறு" என்று சொல்லும் துணிவு விவசாயிக்கு வேண்டும். அந்தத் துணிவுக்குக் கைகொடுக்கும் பொறுப்பு அரசுக்கு வேண்டும்.